எஸ்தரின் புல்லட்டும் என் இரண்டு விரல்களும்

எஸ்தர் இறந்த செய்தியை அவள் தம்பி சாமுவேல் தொலைபேசியில் சொன்னபோது, நீடாமங்கலத்து வீட்டில் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "அக்கா தூக்கத்துலயே போயிட்டாங்கக்கா" என்றவன் மூக்கை உறிஞ்சினான். அடுத்த மூச்சிலேயே, "வண்டி உங்க வீட்டுலதான இருக்கு?" என்று கேட்டான். அந்தக் குடும்பத்தில் துக்கமும் புல்லட்டும் சேர்ந்தே வரும். ஆகவே நான் தவறாக நினைக்கவில்லை. "இருக்கு. நீ முதல்ல உக்காரு" என்றேன்.

தஞ்சாவூரில் எங்கள் மகளிர் கல்லூரியில் அவளிடம் இயற்பியல் படித்த பெண்களுக்கு அவளை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நான் பொருளாதாரம் நடத்தினேன். ஆசிரியர் அறையில் எங்கள் மேசைகள் எதிரெதிரே இருந்தன. தரங்கம்பாடியிலிருந்து வந்த அவள், தன் தகப்பனாரின் பழைய புல்லட்டில் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கல்லூரிக்கு வருவாள். ஊரே திரும்பிப் பார்த்தது. வண்டியைத்தான் பார்க்கிறார்கள் என்று அவள் கடைசிவரை நம்பினாள்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க அந்த வண்டி நின்றால் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். எஞ்சினுக்குள் இரண்டு வால்வுகள் உண்டு. அவற்றைத் தள்ளித் திறக்க இரண்டு கம்பிகள். அந்தக் கம்பிகள் வால்வை இறுக்கவும் கூடாது, தொளதொளவென்று ஆடவும் கூடாது. அந்த அளவைச் சரிசெய்வதற்குத்தான் டாப்பெட் வைப்பது என்று பெயர். தேர்வு அறைக்கு அருகில் அவள் வண்டியை நிறுத்திய ஒரு நாள், முதல்வர் அழைத்து அந்தச் சத்தத்தைப் பற்றிக் கேட்டார். "சத்தம் போடுறது நல்லாத்தான் இருக்கும் மேடம். சத்தமே போடாததுதான் உள்ளுக்குள்ள எரிஞ்சு போயிடும்" என்றாள் எஸ்தர். முதல்வர் அதை, அப்போது கிடப்பில் இருந்த ஆசிரியர் சங்கத்தின் கோரிக்கை பற்றிய பேச்சு என்று எடுத்துக்கொண்டு, அந்த வாரமே எங்களைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்தார். எஸ்தருக்கு இது புரியவேயில்லை.

ஓய்வுபெறச் சில ஆண்டுகள் இருக்கும்போது சர்க்கரை நோயால் அவள் விரல் நுனிகள் மரத்துப்போயின. டாப்பெட் வைக்கும்போது கம்பி இலகுவாகச் சுழல்கிறதா என்று அவளால் தொட்டு உணர முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குப் போகுமுன் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "கல்யாணி, ஒன் வெரலக் குடு" என்றாள். கடன் கேட்பவர்கள்கூட இன்னும் பணிவாகக் கேட்பார்கள். அன்றிலிருந்து இது வழக்கமாயிற்று. முந்தின நாள் மாலையே வண்டியை என் வீட்டில் விட்டுவிட்டுப் போவாள். காலையில் காபிக்கு முன்னால் வந்து எஞ்சினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ஸ்பேனரோடு உட்காருவாள். நான் முக்காலியில் அமர்ந்து இரண்டு விரலால் கம்பியைச் சுழற்றுவேன்.

"சுத்துதா?"

"சுத்துது."

"மேலயும் கீழயும் ஆடுதா?"

"ஆடல."

"நெசமாச் சொல்லு. இது ஒன்னும் ஒன் பொருளாதாரம் இல்ல."

எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டுமே அவள் இதைச் செய்வாள். ஒருமுறை மாணவி ஒருத்தியின் திருமணத்துக்காக நன்னிலம் போகும் வழியில் சத்தம் மிகுந்துவிட்டது. இப்போதே சரிசெய் என்று நான் கத்தினேன். அவள் வாய்க்கால் மதகின் மேல் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். "சூட்டுல எடுக்குற அளவு, ஆறினப்புறம் நிக்காது." எஞ்சின் ஆறும்வரை எதிரே நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்களிடம் நெல் ரகம் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் ரசமும் அப்பளமும்தான் மிஞ்சியிருந்தன. எஞ்சினிடம் காட்டிய அந்தப் பொறுமையில் கால் பங்கைக்கூட அவள் மனிதர்களிடம் காட்டியதில்லை என்பதையும் இங்கே பதிவுசெய்கிறேன். இறந்துவிட்டாள் என்பதற்காக அவளைச் சாந்த சொரூபி ஆக்க என்னால் முடியாது.

முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் வண்டியை என்னிடம் விட்டுவிட்டுத் தரங்கம்பாடிக்குத் திரும்பினாள். புறப்படும்போது ஒரு வாக்கு வாங்கிக்கொண்டாள். "நான் போனப்புறம் வண்டி எங்க வீட்டுக்கு வரணும். தானா ஓடி வரணும். டெம்போவுல ஏத்திக்கிட்டு வந்தேன்னு வையி, கல்லறையிலேருந்து எந்திரிச்சு வந்து கேப்பேன்." பேருந்துக்கு நேரமாகிறதே என்று சரி என்றேன். ஆனால் சொன்னது சொன்னதுதான். தரங்கம்பாடியில் நடக்கும் நினைவு ஆராதனைக்கு அந்த வண்டி ஓடியே போயாக வேண்டும்.

முந்தின நாள் மாலை சாமுவேல் வந்தான். ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வுபெற்றவன். ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவதாக வண்டியை எடுத்துக்கொண்டு போனான். நான் கடைக்குப் போய்த் திரும்பியபோது கையைத் துடைத்துக்கொண்டு நின்றான். வண்டி உறை போர்த்தி நின்றது.

காலையில் உதைத்தான், உதைத்தான், வண்டி கிளம்பவில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்தான். பெட்ரோல் குழாயை ஊதினான். கிக்கரை மிதித்தால் எதிர்ப்பே இல்லாமல் கால் கீழே போயிற்று.

"நேத்து நல்லாத்தானக்கா ஓடுச்சு. டாப்பெட் சத்தத்தக்கூட எடுத்துட்டேன். தையல் மிஷின் மாதிரி இருந்துச்சு."

"எப்ப எடுத்த?"

"ஓட்டிட்டு வந்து நிறுத்துன ஒடனே."

"சூட்டோடயா?"

அவன் கண்ணாடியைத் துடைத்தான். "நான் டீசல் எஞ்சினையே ஓட்டுனவன்க்கா."

"ஓட்டுன. அதத் தொறக்க வேற ஆள் வச்சிருந்தாங்க."

அவன் டெம்போக்காரருக்குப் போன் போட்டான். அதை அணைக்கச் சொல்லி ஸ்பேனரைக் கையில் கொடுத்தேன். நடந்தது எனக்கு விளங்கிவிட்டது. சூட்டில் வைத்த அளவு, எஞ்சின் ஆறிச் சுருங்கியதும் இறுகிவிட்டது. வால்வு முழுதாக மூடவில்லை. மூடாத வால்வை வைத்துக்கொண்டு எந்த எஞ்சினும் கிளம்பாது.

முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மூடியைக் கழற்றி, பிஸ்டனை உரிய இடத்துக்குக் கொண்டுவந்தான். கம்பியைத் தொட்டேன், அசையவில்லை. நட்டைத் தளர்த்தினான். "இன்னும். இன்னும் கொஞ்சம். போதும், கொஞ்சம் திருப்பு." கம்பி விரல்களுக்கு நடுவே வழுக்கியது.

"சுத்துதாக்கா?" என்றான் சாமுவேல். அதே மூக்கடைத்த குடும்பக் குரல்.

"சுத்துது."

"ஆடுதா?"

"ஆடல" என்றேன். நிஜமாகவே ஆடவில்லை.

இரண்டாவது உதையில் வண்டி கிளம்பியது. "சத்தம் கேக்குதேக்கா" என்றான். "கேக்கட்டும்" என்று சொல்லிப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். என் மருத்துவருக்கு இது தெரியாது. இதைப் படிப்பவர்கள் யாரும் சொல்லவும் வேண்டாம்.

ஆலய வாசலில் வண்டி நின்றபோது போதகர் ஜெபத்தைத் தொடங்கியிருந்தார். சாமுவேல் எஞ்சினை அணைக்க மறந்தான், அல்லது மறந்ததுபோல் இருந்தான். டிக் டிக் என்று கேட்டதும் உள்ளே வரிசை வரிசையாக அவளுடைய பழைய மாணவிகள் திரும்பினார்கள். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். போதகரும் ஆமென் சொல்லச் சற்றுக் காத்திருந்தார்.

வண்டி அவள் வீட்டில், வேப்பமரத்தடியில் நிற்கிறது. அது சாமுவேலுடையது. ஸ்பேனர்களும் அவனுடையவைதாம். அவளிடமிருந்து எனக்கென்று வந்தவை இந்த இரண்டு விரல்கள். பிறந்தது முதல் அவை என்னுடன்தான் இருந்தன. ஆனால் பக்கம் புரட்டுவது தவிர அவற்றுக்கு ஒரு வேலை உண்டு என்று கண்டுபிடித்தவள் எஸ்தர். மாதம் ஒருமுறை சனிக்கிழமை மாலை அவற்றோடு தரங்கம்பாடிக்குப் பேருந்து ஏறுகிறேன். மறுநாள் காலை, காபிக்கு முன்னால், எஞ்சின் ஆறித்தான் இருக்கும்.