நேரான கழுத்து

கம்பி கிட்டார் வாங்க என்னிடம் ஒன்பதாயிரம் ரூபாய்தான் இருந்தது. அந்த விலைக்குத் தூத்துக்குடியில் ஒட்டுப்பலகை கிட்டார்தான் கிடைக்கும். அன்று ஒரு கடையில், உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்த பழைய சரக்கு ஒன்றைக் கண்டேன். நடுத்துளையின் விளிம்பைப் பார்த்ததுமே தெரிந்தது, மேல்பலகை ஒட்டியதல்ல, முழுக்க ஒரே மரம்; அதன் நாதமே தனி. விலை எட்டாயிரத்து ஐந்நூறு. ஆனால் அது ஒரு லாரி டிரைவரின் கையில் இருந்தது. துறைமுகத்தில் லோடுக்குக் காத்துக் கிடக்கும்போது வாசிக்க வேண்டுமாம்.

"அண்ணாச்சி, வெவரம் தெரிஞ்ச ஆளா இருக்கீங்க. இத எடுக்கலாமா?"

குரலைத் தாழ்த்தினேன். "வேண்டாம் அண்ணாச்சி. கழுத்து வளைஞ்சிருக்கு, சுருதி நிக்காது."

கழுத்து நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

அவர் பத்தாயிரத்துக்குப் பளபளப்பான ஒட்டுப்பலகையை வாங்கிக்கொண்டு போனார். நான் பணத்தைக் கட்டினேன். கடைக்காரர் பெட்டி எடுக்க உள்ளே போன நேரம், மறந்துவிட்ட பையை எடுக்க டிரைவர் திரும்பி வந்தார்.

"வளைஞ்சதுன்னு சொன்னீங்க, அதையா வாங்குதீங்க?"

கடைக்காரர் வந்தால் குட்டு உடைந்துவிடும். "கைல இவ்வளவுதான் இருக்கு" என்று முணுமுணுத்தேன்.

அவர் முகம் இளகியது. தனக்கென்று வாங்கிய புதுக் கம்பி பாக்கெட்டை என் கிட்டார்மேல் வைத்தார். "எனக்கு நல்லது சொன்னீங்க. கம்பியாவது புதுசாப் போடுங்க."

அவர் போய்விட்டார்.

பாக்கெட்டை இன்னும் பிரிக்கவில்லை. துருக்கம்பியிலேயே வாசிக்கிறேன். சுருதி அப்படியே நிற்கிறது. ஒரு தடவையாவது பிசகித் தொலைக்கக் கூடாதா என்றிருக்கிறது.