தேதி போடாத சுவர்கள்

குணவதி சிஸ்டர் இறந்த செய்தி எங்கள் வகுப்புக்கு ஜன்னல் வழியாக வந்தது. கணக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர் நர்சு செல்வி அக்கா மதிலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்துத் தலையை இடமும் வலமும் ஒருமுறை அசைத்தார். அவ்வளவுதான். நான் அழவில்லை. அழுதால் ஏன் என்று கேட்பார்கள். கரும்பலகையில் இருந்ததை நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன். மணி அடித்த பிறகு பார்த்தால் ஒரே வரியை நான்கு முறை எழுதியிருந்தேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் சிஸ்டருக்கு அஞ்சலிக் கூட்டம் என்று செல்வி அக்கா சொன்னார். அவரிடம் வேலை கற்ற நர்சுகள் நீங்கள் எல்லோரும் வருவீர்களாம். என்னால் வர முடியாது. அதனால் செல்வி அக்காவிடம் எழுதிக் கொடுத்தனுப்புகிறேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா இருமினால் விளக்கை அணைத்துவிடுவேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியாது. வானகரத்தில் துணை சுகாதார நிலையம் இருக்கிற வாடகை அறைக்கு எதிர்வீடு எங்களுடையது. பத்தாம் வகுப்பு படிக்கிறேன். அப்பா மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறைக்கு சைக்கிளில் வேலைக்குப் போகிறார்.

சிஸ்டரின் வேலை என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து ஊர் நர்சுகளை மேற்பார்க்க வேண்டியவர். ஆனால் இருந்தது மூன்று பேர். காலியாகக் கிடந்த இரண்டு இடங்களின் ஊர்களையும் அவரே நடந்து பார்த்தார். எங்கள் ஊரை ஒட்டிய ஏரிக்கரைத் தெரு அப்படிப்பட்ட இடம். "நர்சு இல்லாத ஊருக்கு நாந்தான் நர்சு" என்பார். அதில் பெருமை எதுவும் இருக்காது. பஸ் வரவில்லை என்று சொல்வதைப் போலச் சொல்வார்.

செல்வி அக்கா தெற்கே ஒரு ஊரிலிருந்து புதிதாக வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அறைக்கு உள்ளே தாழ்ப்பாள் இல்லை. அவருக்கு முன்னால் வந்த இருவரும் மாற்றல் வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். அவரும் பெட்டியைத் திறக்காமல் அதன் மேலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். சிஸ்டர் நேராகப் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்குப் போனார். பக்கத்துக் குழாயில் நான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா சிஸ்டர், மருந்து வரலியா?" என்றார் தலைவர்.

"மருந்து கீது தலைவரே. தாப்பா இல்ல."

"தாப்பாவா? அதுக்கா இந்த வெயில்ல நடந்து வந்தீங்க?"

"மருந்து இல்லாங்காட்டியும் நர்சு இருப்பா. தாப்பா இல்லாங்காட்டி இருக்க மாட்டா. உங்க மருமவ முழுகாம கீறா. அந்த நேரத்துல நர்சு வேணும்னா இப்பவே ஆசாரிய அனுப்புங்க."

சாயங்காலமே ஆசாரி வந்தார். சிஸ்டர் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை மூன்று முறை போட்டுப் போட்டுத் திறந்தார். பிறகு செல்வி அக்காவிடம், "அய்து முடிச்சிட்டியா மகாராணி? காலைல ஆறு மணிக்கி நடக்கணும்" என்றார். முதல் மாதம் முழுவதும் அவரை ஊசியைத் தொடவே விடவில்லை. வீடு வீடாக நடக்கத்தான் விட்டார். "ஊசி போடறது கையி. நர்சு ஆவறது காலு" என்று அவர் சொல்லாத நர்சு உங்களில் யாராவது உண்டா?

சாக்பீஸ் விஷயமும் உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வரும்போது கதவு நிலைக்கு உள்பக்கம், மழைச்சாரல் படாத இடத்தில், தேதியும் பெயரின் முதலெழுத்தும் போட வேண்டும். ஒருமுறை உங்களில் ஒருவர் (பெயர் சொல்ல மாட்டேன்) வெயிலுக்குப் பயந்து எட்டு வீடுகளில் உள்ளே போகாமலே தேதி போட்டுவிட்டார். சிஸ்டர் அவரைத் திட்டவில்லை. முந்தானையை நனைத்து எட்டு இடத்திலும் துடைக்கச் சொன்னார். பிறகு எட்டு வீட்டுக்குள்ளும் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் வீடு அதில் ஐந்தாவது. அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "போவாத வூட்டுல தேதி போட்டா அந்த வூட்டுக்கு நாளைக்கி யாரும் போவ மாட்டாங்க. யாரோ போயாச்சின்னு நெனச்சிப்பாங்க."

இனி எழுதப்போவது உங்களுக்குத் தெரியாதது.

ஐப்பசி மழையில் ஏரிக்கரைத் தெருவில் முழங்கால் வரை தண்ணீர் நின்றது. அதில் நடந்தபோது உடைந்த ஓடு ஒன்று சிஸ்டரின் குதிகாலில் ஏறிவிட்டது. அவருக்குச் சர்க்கரை இருந்தது. உங்களிடமெல்லாம் மூட்டு வலி என்றார். செல்வி அக்கா வெளியே போயிருக்கும் மத்தியானங்களில் அந்த அறையில் உட்கார்ந்து என்னை வெந்நீர் கேட்பார். அப்படித்தான் நான் புண்ணைப் பார்த்தேன். முதலில் கால் ரூபாய் அளவு. கார்த்திகை தீபத்துக்குள் குதிகால் பாதி.

"டாக்டரம்மா கிட்ட காட்டலாமே சிஸ்டர்."

"காட்டுனா லீவுல போன்னுவாங்க. நான் போனா என் எடத்துக்கு யாரு வருவா? ஆளு இல்ல. ஆளு இல்லாத எடத்த பூட்டிடுவாங்க. ஒரு தபா பூட்டுனா தொறக்க மாட்டாங்கடி. நீ வாயத் தொறந்தே, அப்புறம் இந்தப் பக்கமே வராதே."

நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர் சொல்லக்கூடாது என்றது மட்டும் காரணமில்லை. சித்திரையில் என்னை மாமாவுக்குக் கட்டிக் கொடுப்பதாக வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். நர்சு பயிற்சிக்குப் போகிறேன் என்று ஒருநாள் சொன்னதற்கு அப்பா, "வூடு வூடா போற வேலையா? நாளைக்கி உன்ன எவன் மதிப்பான்?" என்றார். அப்பா கெட்டவர் இல்லை. அவருக்கு ஊரைக் கண்டால் பயம். சிஸ்டரிடம் அழுதேன். "பொங்கல் போவட்டும். உங்கப்பன் கிட்ட நான் பேசறேன். உன்ன ட்ரெய்னிங்ல சேக்கறது என் பொறுப்பு" என்றார். சிஸ்டர் லீவில் போய்விட்டால் அப்பாவிடம் யார் பேசுவார்கள் என்று நினைத்தேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்ததில் அந்த நினைப்பும் இருந்தது.

கார்த்திகையில் அவரால் ஏரிக்கரை வரை நடக்க முடியவில்லை. என்னை அனுப்பினார். வாரத்தில் இரண்டு நாள் கடைசி இரண்டு வகுப்புகளை விட்டுவிட்டுப் போனேன். மாத்திரை கொடுக்கக் கூடாது. யாருக்கும் எதுவும் செய்யக் கூடாது. பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், திரும்பி வந்து சொல்ல வேண்டும். அறிவியல் நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வருவேன். கேட்காமல் விட்டது ஏதாவது இருந்தால், "திரும்பிப் போய் கேட்டுகினு வா" என்பார். ஒருமுறை ஒரே வீட்டுக்கு மூன்று தடவை போனேன். அந்த வீட்டுக் கிழவர், "இன்னா பாப்பா, உங்க சிஸ்டர் எங்கூட்ட விலைக்கி கேக்கறாங்களா?" என்று சிரித்தார்.

முதல் நாளே நான் தேதி போடட்டுமா என்று கேட்டேன். அவர் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன். "நீ நர்சு இல்ல. பாத்துட்டு வந்து சொல்றவ. நீ தேதி போட்டா அது பொய்யி." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு துண்டு சாக்பீஸை எடுத்துக் கொடுத்தார். "இத வெச்சிக்க. நர்சு ஆனப்புறம் போடு." நான் போன எந்த வீட்டிலும் தேதி போடவில்லை. அந்தத் தெருச் சுவர்களில் மழைக்கு முந்திய தேதிகளோடு புதிதாக எதுவும் சேரவில்லை.

மார்கழி பிறந்த வாரம் ஏரிக்கரைத் தெரு கஸ்தூரியைப் பார்க்கப் போனேன். அவளுக்கு எட்டாம் மாதம், முதல் பிள்ளை. என்னைவிட மூன்று வயது மூத்தவள். காலில் மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது. கழற்ற வருமா என்று கேட்டேன். "அது இன்னாத்துக்கு இப்போ? புள்ள பொறந்தா வீக்கம் எறங்கிடும்னு மாமியா சொன்னாங்க" என்றாள். தலைவலி இருக்கிறதா என்று கேட்டதற்கு, "இந்த வூட்டுல வாய்க்கப்பட்டு தலவலி இல்லாம இருக்குமா?" என்று குரலைத் தாழ்த்திச் சிரித்தாள். சிரிக்கும்போது கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். கண்ணுக்கு முன்னால் பூச்சி பறப்பது போல இருக்கிறது என்றாள்.

ஓடிப் போய் சிஸ்டரிடம் சொன்னேன். மெட்டி என்றதுமே எழுந்துவிட்டார். "செருப்ப எட்றீ" என்றார். நான் தடுக்கவில்லை. அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் போனேன். அவருடைய செருப்பின் பின்பக்கம் ஈரமாக இருந்தது. மழை விட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. கஸ்தூரிக்கு ரத்த அழுத்தம் பார்த்தார். பார்த்துவிட்டு மாமியாரிடம், "புடவைய மாத்தற நேரம் கூட இல்ல, கெளம்பு" என்றார். பெரிய சாலை வரை கஸ்தூரியைத் தோளில் சாய்த்து நடத்திக்கொண்டு போய், ஒரு செங்கல் லாரியை மறித்து ஏற்றினார். ஆனால் வீட்டை விட்டு இறங்குமுன் அந்த அவசரத்திலும் ஒருமுறை திரும்பிப் போனார். நிலையின் உள்பக்கத்தில் தேதி போட்டு, பக்கத்தில் 'கு' என்று எழுதினார்.

கஸ்தூரி பிழைத்தாள். பிள்ளை தங்கவில்லை. சிஸ்டர் மறுநாள் காய்ச்சலில் படுத்தார். காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்கு மேல் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே செல்வி அக்கா வந்து நின்றது காலை எடுத்த மூன்றாம் நாள்.

சிஸ்டர் இறந்ததற்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, லீவு நாள் என்றும் பார்க்காமல் ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். சிஸ்டர் பார்த்த ஊர்களில் வேலை எப்படி நடந்தது என்று பார்க்க வந்தாராம். ஏரிக்கரைத் தெருவுக்கு ஜீப் வந்தால் ஊரே பின்னால் போகும். அப்பா போனார். நானும் போனேன். அவர் ஒவ்வொரு நிலையாகக் குனிந்து பார்த்தார். மழைக்குப் பிந்திய தேதி எதிலும் இல்லை.

"நர்ஸ் வரலையா?" என்று கேட்டார்.

"மழைக்கி முன்னாடி வந்துகினு இருந்தாங்க சார். அப்பறம் வரல" என்றார் முதல் வீட்டுக்காரர். அது உண்மைதான்.

கஸ்தூரியின் வீட்டில் மட்டும் ஒரு புதுத் தேதி இருந்தது. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இங்க எத்தனை தடவை வந்தாங்க?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் நின்ற அப்பாவைப் பார்த்தாள். பள்ளிக்கூட நேரத்தில் நான் வந்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது என்பதும் தெரியும்.

"ஒரே ஒரு தபா சார்."

"ரெண்டு மாசத்துல ஒரே தடவையா?"

"ஆமா சார்."

என்னைக் காப்பாற்ற அவள் அப்படிச் சொன்னாள். நான் போனேன் சார், சிஸ்டர்தான் அனுப்பினார், அவர் காலைப் பார்த்தீர்களா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அப்பாவின் கை என் தோளில் இருந்தது. சும்மாதான் வைத்திருந்தார். ஆனாலும் நான் பேசவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டே, "போனவங்களைப் பத்திப் பேசக் கூடாது. ஆனா இங்க வேலை நடக்கலை" என்றார்.

இந்த மாதம் முடிந்ததும் செல்வி அக்கா வேறு ஊருக்குப் போக வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. எங்கள் ஊரையும் ஏரிக்கரையையும் பூந்தமல்லிப் பக்கத்தோடு சேர்த்துவிட்டார்கள். எதிர்வீட்டு அறைக்கு இனி வெளியே பூட்டுத்தான். உள்ளே இருக்கும் தாழ்ப்பாளைப் போட ஆள் இருக்காது.

நேற்றுதான் செல்வி அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "செத்தவங்களுக்காக யாரு திருத்தி எழுதுவா?" என்றார். யாரும் எழுத மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அறிவியல் நோட்டின் பின்பக்கங்களைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். எந்த வீட்டுக்கு எந்த நாள் போனேன், என்ன பார்த்தேன், சிஸ்டர் என்ன கேட்டுத் திருப்பி அனுப்பினார், எல்லாம் அதில் இருக்கிறது. இது அப்பா கைக்குக் கிடைத்தால் பரீட்சை எழுதவும் விடமாட்டார். நீங்களாவது படியுங்கள். அவர் வேலை செய்யவில்லை என்று கூட்டத்தில் யாராவது சொன்னால், அது பொய் என்று உங்களுக்குள்ளாவது தெரிந்திருக்கட்டும்.

வாசலில் சுண்ணாம்பு ஊறுகிறது. பொங்கலுக்கு எல்லா வீட்டிலும் வெள்ளையடிப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் சிஸ்டரின் தேதிகள் இப்படித்தான் அழியும். பொங்கல் முடிந்து கரிநாளும் கழிந்ததும் அவர் புது சாக்பீஸோடு முதல் வீட்டில் ஆரம்பிப்பார். கஸ்தூரி வீட்டுத் தேதி இந்த வாரம் போய்விடும். அதன் பிறகு அந்தத் தெருவுக்கு அவர் வந்ததற்கு எந்த அடையாளமும் இருக்காது.

அவர் கொடுத்த சாக்பீஸ் துண்டு என் தாவணித் தலைப்பில் முடிந்திருக்கிறது. நர்சு ஆனப்புறம் போடு என்றார். பொங்கல் போகட்டும் என்றார். சித்திரையில் எனக்குக் கல்யாணம். அதனால் நான் எங்கேயும் எழுதாமல் அது முழுசாக இருக்கும்.