யாரும் போடாத நீலம்

எங்கள் ஆபீசில் அவளை டப்பாக்கா என்றுதான் கூப்பிடுவோம். வெப்சைட்டுக்குப் பட்டன், படிவம், அட்டவணை எதைச் செய்தாலும், "இதோட ஸ்டைல், நிறம், அளவு எல்லாம் இதுக்குள்ளயே இருக்கணும். தனித்தனி டப்பா, தனித்தனி மூடி" என்பாள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அவள் புருஷன் நேரெதிர். அவரும் எங்களோடு வேலை பார்த்தவர்தான். எல்லாப் பட்டனுக்கும் வெறும் 'பட்டன்' என்றே பெயர் வைப்பார். போதாததற்கு, தான் போட்ட நிறத்தை வேறு யாரும் மாற்ற முடியாதபடி 'இதுதான் முக்கியம்' என்று ஒரு குறிப்பையும் சேர்த்துவிடுவார். அவருக்குப் பிடித்தது வெளிர்நீலம். எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான ஒரு ஃபைலில் அப்படியே எழுதி வைத்துவிட்டு, ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார், புண்ணியவான்.

அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. நாங்கள் சிவப்பில் பட்டன் செய்வோம். பக்கத்தைத் திறந்தால் வெளிர்நீலமாக நிற்கும். "மறுபடியும் வந்துட்டாரு" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். அக்கா சிரிக்க மாட்டாள். திரையில் அந்தப் பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள்.

ஒரு கிளினிக்குக்காக, அவசர எண்ணைச் சிவப்புப் பட்டனில் வெள்ளை எழுத்தில் போட்டோம். அதன்மேலும் நீலம் ஏறிக்கொண்டது. எண் கண்ணுக்கே தெரியவில்லை. கிளினிக்காரர் போனில் காய்ச்சி எடுத்துவிட்டார். மேனேஜர் அக்காவிடம் வந்து நின்றார்.

"அவரோட அந்தப் பழைய ஃபைலைத் தூக்கிடுங்கம்மா."

"பாதிப் பக்கம் அதை நம்பித்தான் நிக்குது, இப்பவே தூக்கினா உடைஞ்சிடும் சார். முதல்ல எல்லாத்தையும் தனித்தனியாப் பிரிக்கணும்."

"உங்களுக்குக் கஷ்டம்னா வேற யார்கிட்டயாவது கொடுக்கட்டுமா?"

"வேணாம். நானே பண்றேன்."

பிடிவாதக்காரி. ஒவ்வொரு பட்டனுக்கும் தனிப் பெயர் வைத்து, அதனதன் நிறத்தை அதற்குள்ளேயே அடைத்தாள். பக்கம் பக்கமாக நீலம் போனது. அவள் முகமும் சுண்டிக்கொண்டே வந்தது. "போதும்க்கா, மிச்சத்தை என்கிட்ட கொடுங்க" என்றேன். "நீ உன் வேலையைப் பாருடி" என்றாள்.

கடைசியில் அந்த ஃபைலை அழித்தாள். இருவரும் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தோம். எதுவும் உடையவில்லை, ஒரு எழுத்துகூட நகரவில்லை. எங்கள் தொழிலில் இதைவிடச் சுத்தமான வேலை கிடையாது. மேனேஜர்கூடக் கைதட்டினார்.

அக்கா என் கையைப் பிடித்தாள்.

"எங்கயாவது ஒண்ணு உடையும்னு நினைச்சேன்டி" என்றாள். "அவரை மொத்தமா எடுத்துட்டேன். ஒண்ணுமே ஆகல."