வாசல் வரைக்கும் பாலிசி

எங்கள் கிளை அலுவலகத்தில் பயணக் காப்பீடு விற்பவருக்குப் பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. ‘தேதிக்காரர்’ என்றால்தான் தலை நிமிர்வார். பத்தொன்பது வருடமாக, எதிரே வந்து உட்காருகிறவர்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, “எப்ப திரும்பி வர்றீங்க?”

திரும்பும் தேதியையும் அதற்கான டிக்கெட் எண்ணையும் விண்ணப்பத்தில் கட்டாயமாக்கும்படி தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் போட்டதும் அவரேதான். அதற்காகக் கைதட்டி ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள்.

வெளிநாட்டில் தனியாக இருந்த அவருடைய அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. எப்போது எழுந்து நடப்பாள் என்று மருத்துவருக்கே தெரியாததால், தம்பி போகிற டிக்கெட்டை மட்டும் எடுத்தார். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்த மனிதர். காப்பீடு இல்லாமல் மொட்டைமாடிக்குக்கூட ஏறமாட்டார். தன் மேசையில் உட்கார்ந்து தன் விண்ணப்பத்தைத் தானே நிரப்பினார். கணினித் திரையில் தேதிக் கட்டம் சிவப்பாகி முறைத்தது.

“ஏதாவது ஒரு தேதியைப் போட்டுத் தொலைங்களேன்,” என்றார் மனைவி போனில்.

“பொய்த் தேதி போட்டா பாலிசி செல்லாதுடி.”

“யாரு சொன்னா?”

“நான்தான்.”

தலைமை அலுவலகத்தை அழைத்தார். எடுத்த பெண் தேன் குரலில் பேசினாள். “ஒருவழிப் பயணத்துக்குன்னு ஒரு பாலிசி இருக்கு சார். நீங்க தங்கப்போற வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கிற வரைக்கும் கவர் ஆகும்.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் உங்க பாடு சார்.”

“விதியைக் கொஞ்சம் தளர்த்த முடியாதாம்மா?”

“முடியாது சார். யாரோ ஒரு புண்ணியவான் எழுதிக் குடுத்துட்டான்.”

அந்தப் புண்ணியவானை அவர் காட்டிக்கொடுக்கவில்லை. ஒருவழி பாலிசியோடு விமானம் ஏறினார்.

நாலாவது மாடியில் அக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தது. இவர் பெட்டியோடு வெளியிலேயே நின்றார்.

“உள்ள வாடா, குளிர் வருது.”

“ஒரு நிமிஷம்க்கா. இங்க வரைக்கும்தான் கவர்.”

தம்பிக்கு மூளை கலங்கிவிட்டதென்று பயந்த அக்கா, வாக்கரைப் பிடித்து எழுந்தாள்; தடுமாறினாள். இவர் பாய்ந்துபோய்த் தாங்கினார். அவளை நாற்காலியில் உட்கார வைத்த பிறகுதான் தன் காலைப் பார்த்தார். பாலிசி காலாவதியாகி அரை நிமிடம் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து அவர் வெளியே வரவில்லை. படியில் கால் பிசகும்; லிஃப்ட் நடுவில் நிற்கும்; கத்தி கையை அறுக்கும். ரொட்டியைக்கூடப் பிய்த்துத்தான் தின்றார். பட்டினி கிடக்க முடியாமல் அக்காதான் நடக்கத் தொடங்கினாள். ஆறே வாரத்தில் கைத்தடியோடு கடைக்குப் போய்வரலானாள். மருத்துவர் அதிசயம் என்றார்.

“நான்தான் நல்லாயிட்டேனே, எப்படா ஊருக்குக் கிளம்பறே?”

“காப்பீடு இல்லாம எப்படிக்கா ஏறுறது?”

“இங்கிருந்தே ஒண்ணு எடேன்.”

“ஊரை விட்டுக் கிளம்பினவங்களுக்குப் புதுசா குடுக்கமாட்டாங்க.”

“அதையும் நீதான் எழுதிப் போட்டியா?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா பையை எடுத்துக்கொண்டு பால் வாங்கக் கிளம்பினாள்.

“படி பார்த்து இறங்குக்கா,” என்றார் சோபாவிலிருந்து. கூட இருந்து பார்த்துக்கொள்ள வந்தவர் அல்லவா?