நான் பார்க்காத வெளிச்சம்

கொரோனா ஓய்ந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். எனக்கு வேலை அரக்கோணத்தில், ரயில்வேயில். குடியிருப்பு திருத்தணி. மலைப்படிக்குப் போகிற தெருவில் ஒரு வீட்டு மாடியை வாடகைக்கு எடுத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு பேருக்குத் தியானம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொடுத்தேன் என்று எழுதவே இப்போது கை கூசுகிறது.

என் பேச்சு நன்றாக இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. புருவ நடுவில் உயிர் ஒரு பொறியாக உட்கார்ந்திருக்கிறது. கண்ணை மூடி மனசை அங்கேயே நிறுத்தினால் முதலில் மின்னல் தெரியும், பிறகு நட்சத்திரம், பிறகு நிலா, அதையும் தாண்டினால் ஒரு வானம், அந்த வானத்துக்குள் இன்னொரு வானம். வெளியே விரிந்திருக்கும் அண்டம் முழுவதும் உள்ளேயும் இருக்கிறது. செத்தவர்கள் போவதும் அந்த வழியாகத்தான் என்பேன். நேற்றுப் போய்வந்த ஊரைப் போல அதை விவரிப்பேன். உண்மை என்னவென்றால், பதினோரு வருஷம் உட்கார்ந்தும் நான் கண்டது இருட்டுதான். சில நாள் கொட்டாவி வரும்.

ஆர்.கே.பேட்டைப் பக்கமிருந்து டவுன் பஸ் பிடித்து ஒரு பெண் வர ஆரம்பித்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். பவர்லூமில் வேலை. தடித்த கண்ணாடி போட்டிருப்பார். தியானத்தில் உட்காரும்போது அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். அவருடைய தம்பி கொரோனாவில் இறந்துபோயிருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து முகத்தைக்கூடக் காட்டாமல் கொண்டுபோய் எரித்துவிட்டார்களாம். அவன் எங்கே போனான் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

முதல் நாளே நேராகக் கேட்டார். "நீங்க அந்த வெளிச்சத்த பாத்திருக்கீங்களாண்ணா?"

பத்துப் பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆங், பாக்காமலா சொல்றேன்?" என்றேன்.

ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், காலையும் மாலையும் விடாமல் உட்காரச் சொன்னேன். அவர் ஒரு வேளைகூடத் தவறவில்லை. நாலு வாரம் போயிருக்கும். "கண்ண மூடினா ஓரத்துல மின்னல் வெட்டிக்கினே இருக்குதுண்ணா" என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. பதினோரு வருஷமாக எனக்குக் கிடைக்காதது இந்த அம்மாளுக்கு நாலு வாரத்திலா! அந்தப் பொறாமையை மறைக்கவே எல்லார் முன்னாலும் வாய் நிறையப் பாராட்டினேன். கண்ணைத் திறந்திருக்கும்போதும் வருகிறது, தறி முன்னால் நிற்கும்போதுகூட வருகிறது என்றார். அங்கேயாவது நான் நிதானித்திருக்க வேண்டும். அது இன்னும் உசந்த நிலை என்று சொல்லிவிட்டேன். அந்த வெளிச்சத்தில் தன் தம்பி இருப்பானா என்று கேட்டார். கிட்டப் போகப் போகத் தெரியும் என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கே என் மேல் மதிப்புக் கூடியது.

அடுத்த ஞாயிறு, கண் முன்னால் கரித்தூள் மாதிரிப் புள்ளிகள் மிதக்கின்றன என்றார். பழைய வினையெல்லாம் எரிந்து சாம்பல் உதிர்கிறது என்றேன். யோசிக்கக்கூட இல்லை, தானாக நாக்கில் வந்தது.

அதற்கடுத்த புதன்கிழமை எனக்கு போன் செய்தார். அரக்கோணம் பிளாட்பாரத்தில் ஒரு கையில் டீயோடு நின்று பேசினேன். இடது பக்க ஓரத்திலிருந்து திரை இழுத்த மாதிரி இருட்டு வருகிறதாம். அந்தப் பக்கம் நூல் அறுந்தது தெரியாமல் துணி பாழாகி, முதலாளியிடம் திட்டு வாங்கினாராம். வீட்டுக்காரர் கண் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுகிறாராம்.

"போலாமாண்ணா? இன்னும் ஒம்போது நாள்தான் பாக்கி இருக்குது."

மாயைத் திரை விலகுவதற்கு முன்னால் கண்ணுக்குத் தெரியத்தான் செய்யும் என்றேன். மண்டலத்தை இடையில் விட்டால் திறந்தது மூடிக்கொள்ளும், முடித்துவிட்டுப் போங்கள் என்றேன். டீ ஆறிப்போயிருந்தது என்பது வரைக்கும் எனக்கு நினைவிருக்கிறது.

அந்த ஞாயிறு ஆடிக் கிருத்திகையை ஒட்டி வந்தது. தெரு முழுக்கக் காவடியும் அரோகரா சத்தமும். கூட்டத்தில் இடிபட்டு வந்து, மாடிப்படியில் இடது தோள் சுவரில் உரச உரச ஏறினார். கதவோரம் ஏற்றி வைத்திருந்த குத்துவிளக்கு அவர் கண்ணில் படவே இல்லை. கால் பட்டு விளக்கு உருண்டு, எண்ணெய் தரையெல்லாம் ஓடியது; அவரும் தடுமாறித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு அம்மா மேலே வந்தார். வீட்டுச் சொந்தக்காரர், கிறிஸ்தவர், நர்ஸாக இருந்து ரிடையர் ஆனவர். எங்கள் பக்கம் அதுவரை எட்டிப் பார்த்ததில்லை. சர்ச்சுக்குப் புறப்பட்ட புடவையோடு அந்த எண்ணெயிலேயே மண்டியிட்டு, என் மாணவியின் வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தினார்.

"இப்ப என் கை தெரியுதா பாரும்மா."

"எந்தக் கைங்க?" என்றார் இவர்.

கீழ்வீட்டு அம்மாவின் கை அவர் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் விரிந்திருந்தது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். புதன்கிழமையிலிருந்து என்று பதில் வந்தது. யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டார். இவர் நான் நின்ற பக்கம் திரும்பினார். அந்த அம்மாவும் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீங்க படிச்ச மனுஷன்தானே சார்?"

அவரே சென்னையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுச் சொன்னார். நானும் என் மாணவியும் காவடிக் கூட்டத்துக்கு எதிராக நடந்து ஸ்டேஷன் போய் ரயில் ஏறினோம். விஷயம் கேட்டு அவருடைய வீட்டுக்காரரும் ஸ்டேஷனுக்கே ஓடிவந்து சேர்ந்துகொண்டார். வழி முழுக்க மனைவியின் கையைப் பிடித்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அந்த ரயில் பெட்டியில் அவர் என்னை நாலு அறை அறைந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையாக விளக்கினார். கண்ணின் பின்பக்கத்தில் பார்வைக்கு ஆதாரமான மெல்லிய சவ்வு கிழிந்து கழன்றுவிட்டதாம். தடித்த கண்ணாடி போடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து அதிகமாம். சவ்வு இழுபடும்போது மின்னல் தெரியும், கிழியும்போது கரும்புள்ளி மிதக்கும், கழன்று வரும்போது திரை போல மறைக்கும். நான் வரிசையாகப் பொருள் சொன்ன மூன்றையும் அவரும் அதே வரிசையில் சொன்னார். மின்னல் வந்தபோதே வந்திருந்தால் லேசர் வைத்திருக்கலாம், திரை விழுந்த அன்றாவது வந்திருந்தால் பார்வையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருந்தது என்றார். மறுநாள் ஆபரேஷன் நடந்தது. சவ்வை ஒட்ட வைத்தார்கள். பார்வை மட்டும் நிழலாடும் அளவுக்குமேல் திரும்பவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு அவர் குப்புறத்தான் படுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். தலையணையில் முகம் பதித்துக் கிடந்தார். எண்ணெய் காணாத பின்னந்தலைதான் எனக்குத் தெரிந்தது. முகத்தைப் பார்த்திருந்தால் அப்போதும் ஏதாவது அளந்துவிட்டிருப்பேனோ என்னவோ. அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன். நான் எந்த வெளிச்சத்தையும் பார்த்ததில்லை, ஒரு நாளும் பார்த்ததில்லை, சொன்னதெல்லாம் படித்ததும் கேட்டதும்தான் என்றேன்.

தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"அப்ப என் தம்பி அங்க இல்லியாண்ணா?"

"தெரியாதும்மா" என்றேன்.

தலையணைக்குள்ளிருந்தே குரல் வந்தது. அதில் கோபமே இல்லை. "இந்தத் தெரியாதுன்ற வார்த்தைய அன்னைக்கே சொல்லியிருந்தா, நான் வேற யாரையாவது கேட்டிருப்பேனேண்ணா."

அதற்குமேல் அங்கே என்னால் உட்கார முடியவில்லை. ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று, ஆள் நடமாட்டத்தைக்கூடப் பொருட்படுத்தாமல் அழுதேன். அந்த வாரமே மாடியைக் காலி செய்தேன். அவரைத் தறியில் இப்போது நிறுத்துவதில்லை, நூல் சுற்றும் வேலைதான் என்று கேள்வி. இரண்டு முறை வீடு தேடிப் போனேன். தண்ணீர் கொடுத்து, மரியாதையாகப் பேசி அனுப்பினார். அவருடைய வீட்டுக்காரர் உள்ளேயே இருந்துகொண்டார்.

விடிகாலையில் நான் இன்றைக்கும் தனியாக உட்காருகிறேன். இருட்டுதான். உள்ளே வானங்கள் இருக்கலாம், உயிர் அவற்றைத் தாண்டிப் போகலாம். இல்லை என்று சொல்லவும் எனக்கு யோக்கியதை கிடையாது. யாராவது வந்து கேட்டால் தெரியாது என்று உடனே சொல்லிவிடுகிறேன், சொல்லும்போதெல்லாம் ஒரு கண் பார்வை அளவுக்கு அது தாமதமாக வந்த வார்த்தை என்பது நெஞ்சைக் குத்துகிறது.