சலீம் அறுத்த கயிறு

ஓமானில் நான் நர்ஸாக வேலை பார்க்கும் இந்தக் கடற்கரை ஊரில் பௌர்ணமி சும்மா வந்து சும்மா போகிறது. யாரும் நடப்பதில்லை, எந்தச் சாலையையும் அடைப்பதில்லை. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் வளர்ந்தவளுக்கு இது பழகவே மாட்டேன் என்கிறது. அங்கே இருந்தபோது, பௌர்ணமி கூட்டத்தில் பால் வாங்கக்கூட வெளியே போக முடியவில்லை என்று சலித்துக்கொண்டவள்தான் நான். இப்போது முழுநிலா தெரிந்தால் கால் பரபரக்கிறது. மலையை வலப்பக்கம் வைத்து நடந்து பழகிய கால்.

சென்ற காற்றுக்காலத்தில் இங்கே ஒரு சிறு சரக்குக் கப்பல் மூழ்கியது. மீனவர்கள் உடல்களை ஒவ்வொன்றாகக் கரை சேர்த்து எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். பல நாள் கடலில் கிடந்தவர்களை முகம் பார்த்து யாரென்று சொல்ல முடியாது. கப்பலில் வேலை செய்தவர்களில் ஏழுமலை என்பவர் கிரிவலப் பாதையிலேயே இருக்கும் அடி அண்ணாமலைக்காரர். அவருடைய அண்ணன் மரபணுச் சோதனைக்கு ரத்தம் கொடுத்திருந்தார். முடிவு வரத் தாமதமாகும் என்றார்கள். அதுவரை ஏழுமலையின் மனைவி சுமதியிடம் பேசும் வேலை, தமிழ் தெரிந்த ஒரே பாவத்துக்காக என் தலையில் விழுந்தது.

"தாலியக் கழட்டுன்னு எல்லாரும் சொல்றாங்க சிஸ்டர். எங்கனா கரை ஏறியிருப்பாரு. இடுப்புல செவப்பு அரைஞாண் கயிறு இருக்கும். பொண்ணு கொலுசு அறுந்தப்போ ஒரு மணிய எடுத்து அதுல கோத்து உட்டேன். அது இல்லாதவரு எங்க வீட்டுக்காரரு இல்ல" என்றாள் சுமதி போனில்.

எனக்கு மூச்சு வந்தது. எங்களிடம் வந்த எவர் இடுப்பிலும் கயிறு இல்லை. இருந்தாலும் பிணவறையைப் பார்த்துக்கொள்ளும் சலீமிடம் ஒரு வார்த்தை கேட்டேன். அரைஞாண் கயிறு என்பதை என் அரைகுறை அரபியில் எப்படிச் சொல்வது? இடுப்பைத் தொட்டுக் காட்டி, 'கைத்' என்றேன். நூல்.

"மாஃபி, சிஸ்டர்" என்று இல்லையெனத் தலையசைத்தவர், கொஞ்சம் யோசித்தார். ஒருவர் இடுப்பில் வலைநூல் சிக்கியிருந்தது, ஒரு மனிதனை வலையோடு வீட்டுக்கு அனுப்பலாமா, அதனால் அறுத்தெடுத்தேன் என்றார். நகக்கண்ணில் இருந்த மணலைக்கூட எடுத்ததாகச் சொன்னார்.

பின்வாசலில் குப்பைக்குப் போகக் காத்திருந்த சாக்கை இருவரும் கவிழ்த்தோம். வலைத் துண்டு, கயிற்றுச் சுருள், பாசி. கிடைக்கக் கூடாது என்றுதான் தேடினேன். கிடைத்தது. சிவப்பு கறுத்துப்போயிருந்தது. மணிக்குள் மணல் அடைத்திருந்தது. குழாயில் அலசியதும் அது லேசாக ஒலித்தது.

எனக்கு வந்த கோபத்தில் சலீமைத் தமிழிலேயே திட்டித் தீர்த்தேன். அவர் தலைகுனிந்துகொண்டார்.

போனில் சுமதியிடம் சொன்னேன். "கயிறு இடுப்புலயேதான் இருக்குதா?" என்றாள்.

"இல்லமா. இங்க சலீம்னு ஒருத்தர், வலைநூல்னு நெனச்சி அறுத்துட்டாரு."

எங்கள் பக்கம் சுடுகாட்டில் அரைஞாண் கயிற்றை அறுத்துவிட்டுத்தான் ஆளை அனுப்புவார்கள். உரிமைப்பட்டவர் செய்கிற வேலை அது. இதை நினைத்துப் பதறித்தான் நான் கத்தியிருக்கிறேன் என்பது அவள் அழுதபோதுதான் புரிந்தது.

"எங்க ஆளுங்க செய்ய வேண்டியது. யாரோ பெத்த புள்ள செஞ்சிட்டாரு. அவரத் திட்டாதீங்கக்கா." அதுவரை நான் அவளுக்கு சிஸ்டர்தான்.

சோதனை முடிவும் அதையே சொன்னது. விடுப்பு எடுத்துக்கொண்டு சவப்பெட்டியோடு நானும் போனேன். போய்ச் சேர்ந்த நாள் பௌர்ணமி. ஆம்புலன்ஸைச் செங்கம் ரோட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அண்ணனும் பங்காளிகளும் பெட்டியைத் தோளில் ஏற்றிக் கிரிவலப் பாதையில் நடந்தார்கள். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. ஏழுமலையும் மலையை வலப்பக்கம் வைத்தே வீடு போய்ச் சேர்ந்தார். வாசலில் சுமதியின் கையில் மணியை வைத்தேன். விரலை மூடிக்கொண்டாள், அன்று முழுக்கத் திறக்கவில்லை.

காரியம் முடிந்து கிளம்பும்போது, வெறுங்கழுத்தோடு வந்து, சிவப்புக் கரை போட்ட துண்டு ஒன்றைக் கொடுத்தாள். "கடைசி வேல செஞ்சவங்களுக்குத் துண்டு தருவோமில்ல. அது அவருக்குக்கா."

ஓமான் திரும்பியதும் சலீமிடம் அதை விளக்க முயன்றேன். என் அரபி வழக்கம்போல் பாதியில் நின்றது. இறந்தவருடைய துணி என்று எண்ணிக்கொண்டார்போல; கண்ணில் ஒற்றிக்கொண்டு, இங்குள்ள ஆண்கள் கட்டும் மஸ்ஸர் தலைப்பாகைபோல அதைத் தலையில் சுற்றிக்கொண்டார். நான் திருத்தவில்லை.

அடுத்த பௌர்ணமிக்கு வேலை முடிந்து கடற்கரையோரமாகவே அறைக்கு நடந்தேன். கால் தானாக ஒரு பக்கம் ஒதுங்கியது. வலப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். மலை இருக்க வேண்டிய இடத்தில் கடல் இருந்தது.