மாமா தேடிய ஷாக்

எங்கள் வீட்டில் 'ஷாக்' என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. சுவிட்சைத் தொட்டுக் கை உதறினால்கூட 'கரண்ட் அடிச்சிச்சு' என்றுதான் சொல்வோம். என் பிள்ளைகள் இதை வைத்து என்னைக் கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். எங்கள் மாமா ஒரு ஷாக்கைத் தேடி அலைந்த கதை அவர்களுக்குத் தெரியாது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு ஒன்பது வயது. நைனா, அதாவது என் அப்பா, மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். சித்தூருக்கு மாற்றலாகி வருவதற்கு முன்னால் புத்தூரிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு பாறை மலைக்குப் பின்னால் இருந்த சின்ன ஊரில் அவருக்கு வேலை. அந்த ஊருக்கு ஒரு வண்டிப்பாதை இருந்தது. ஒரு மழையில் அது மொத்தமும் அடித்துக்கொண்டு போய்விட்டது. அப்புறம் போவது வருவது எல்லாம் பாறைமேல் ஏறி இறங்கித்தான். அந்த மழையில்தான் என் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. பால் குடிக்கிற பிள்ளை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வழி இல்லை. சபையின் கல்லறைத் தோட்டத்தில் அவனை விட்டுவிட்டு நாங்கள் சித்தூர் வந்தோம்.

அம்மா மட்டும் வந்து சேரவில்லை என்றுதான் சொல்லவேண்டும். கிளம்புகிற அன்று தம்பியின் தலைமாட்டில் ஒரு நந்தியாவட்டைக் கொம்பை நட்டுவிட்டு வந்திருந்தாள். "செடி புடிச்சிச்சோ இன்னாவோ" என்பதுதான் சித்தூரில் அவள் பேசிய பேச்சு. அரிசி களையும்போதும் அதுதான், ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர்கள் சுகம் விசாரித்தாலும் அதுதான். ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் புத்தூருக்கு பஸ் ஏறிப் போய், தனியாகப் பாறைமேல் ஏறி, வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். விழுந்ததுதான் விழுந்தாள், புத்தூர் பக்கத்தில் விழுந்தாளே என்று சபையில் எல்லாரும் சமாதானம் சொன்னார்கள். எங்கெங்கிருந்தோ ஜனங்கள் ரயிலேறிக் கட்டுப் போட வருகிற ஊர் அல்லவா! எலும்பு கூடியது. ஆனால் அதற்கப்புறம் ஒரு குலுக்கல்கூட அவளுக்கு ஆகவில்லை. குதிரை வண்டியில் மார்க்கெட் வரைக்கும் போய் வந்தாலே ராத்திரியெல்லாம் முனகுவாள்.

நாற்காலியில் உட்காரவைத்து நாலு ஆள் தூக்கிக்கொண்டு போகலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். அதையும் செய்து பார்த்தோம். முதல் பாறை தாண்டுவதற்குள் அவள் போட்ட சத்தத்தில் தூக்கியவர்களே அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள்.

அப்போதுதான் மாமா வாயை விட்டார். மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. லாரி ஷெட் ஒன்றில் மெக்கானிக். கல்யாணம் ஆகவில்லை. எங்கள் வீட்டிலேயே துன்னு, எங்கள் வீட்டிலேயே தூங்குகிற மனுஷன். "நீ அழுவாதக்கா. பாறமேல ஊர்ற மாரி ஒரு வண்டி கட்டி உன்ன நானே கூட்டிகினு போறேன். நீ பாட்டுக்கு ராணி மாரி குந்திகினு வா" என்றார்.

அம்மா வெகுநாள் கழித்து அன்றைக்குச் சிரித்தாள். "நெஜமாவா சொல்ற?" என்று மூன்று தடவை கேட்டாள்.

மாமா சும்மா சொல்லவில்லை. ஏலத்தில் போன பழைய மிலிட்டரி ஜீப் ஒன்றின் அடிச்சட்டம் வந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற ஜாதி. மேல்தகரத்தையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, குடிதண்ணீர்க் குழாய்களை வளைத்து ஒட்டிக் கூண்டு மாதிரி கட்டினார், வண்டி கவிழ்ந்தாலும் உள்ளே இருக்கிறவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று. டிராக்டரின் முன்சக்கர டயர் மாட்டினார். பஸ் சீட் ஒன்றைப் பிடித்துவந்து அதன்மேல் இலவம் பஞ்சு மெத்தை தைத்துப் போட்டார். தெருவில் எல்லாரும் வந்து பார்த்துவிட்டு, வாத்தியார் வீட்டில் கோழிக்கூண்டுக்கு டயர் மாட்டியிருக்கிறார்கள் என்று சிரித்தார்கள். இதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. மாட்டிக்கொண்டது அடிப்பக்கத்தில்தான்.

சபைக் கோயில் காம்பவுண்டுக்குப் பின்னால் யானை படுத்திருக்கிற மாதிரி ஒரு பாறை உண்டு. அதில்தான் சோதனை. சீட்டில் அம்மா எடைக்கு ஒரு நெல் மூட்டையும் நானும். என் மடியில் கழுத்து வரைக்கும் தண்ணீர் நிரப்பிய பித்தளைச் சொம்பு. தண்ணீர் சிந்தினால் வண்டி தோற்றது, அவ்வளவுதான் கணக்கு. முதல் தடவை, ஜீப்புக்கு அடியில் வில் மாதிரி வளைந்திருக்கும் கமான் பட்டைகள் அத்தனையும் அடுக்கு குலையாமல் அப்படியே இருந்தன. வண்டி ஜம்மென்று ஏறியது, ஆனால் சொம்பு பறந்துபோய் நெல் மூட்டைமேல் விழுந்தது. பட்டைகளில் இரண்டை உருவினார். இப்போது மெத்தென்று ஏறியது, ஏறி முடித்த பின்னும் ஆடிக்கொண்டே இருந்தது. எனக்குக் குமட்டல் வந்துவிட்டது. அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்தத்தான் ஷாக் வேண்டும் என்றார் மாமா. ஷாக் என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது அப்போதுதான்.

டாக்ஸி காரிலிருந்து கழற்றிய ஷாக் நீளம் பத்தவில்லை. சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியபோது படாரென்று பிய்த்துக்கொண்டு தொங்கியது. லாரி ஷாக் நீளமாக இருந்தது, ஆனால் உலக்கை மாதிரி விறைப்பு. நீளமாகவும் வேண்டும், மெதுவாகவும் வேண்டும் என்று மாமா தேட ஆரம்பித்தார். ஒருநாள் திருப்பதிக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார். மொட்டைத் தலைகளுக்கு நடுவே புகுந்து புகுந்து ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒன்றை எடுத்து நீட்டி, "கொத்ததே பாபூ" என்றார், புதுசுதான் என்று தெலுங்கில். மாமா அதை நிறுத்திவைத்து உடம்பு பாரத்தை எல்லாம் போட்டு அழுத்தினார். அது உள்ளே போய்த் திரும்பி வருகையில் ஓரமெல்லாம் எண்ணெய் கசிந்தது. "கொத்ததுன்னு சொல்றீங்க, அப்பறம் இது ஏன் அழுவுது?" என்று மாமா கேட்டதும் கடைக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இப்படி எத்தனை கடை! ஒன்று அழும், ஒன்று முரண்டு பிடிக்கும், ஒன்று ஜோடி கிடைக்காது.

மழைக்காலம் போய்ப் பனி வந்தது. அம்மாவுக்குத் தூக்கம் அடியோடு போய்விட்டது. காலியாகத் தொங்கும் தூளியை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு மறந்துபோவாள். ஆனால் மாமாவைப் பார்த்தால் மட்டும் முகம் தெளியும். "ஆச்சாடா?" என்பாள். "ஆச்சுக்கா, இன்னும் ஷாக் ஒண்ணுதான் பாக்கி" என்பார் மாமா.

ஒருநாள் நைனா பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார். "ஏதோ ஒண்ணப் போட்டு ஒரு தபா கூட்டிகினு போயேண்டா. செடியப் பாத்துட்டா அவளுக்குத் திருப்தி ஆயிடும். கொஞ்சம் வலிச்சா வலிச்சிட்டுப் போவுது."

"இன்னா வாத்தியாரே இப்பிடிப் பேசறீங்க? சக்கரம் பள்ளத்துல எறங்கணும், எங்க அக்கா எறங்கக் கூடாது. அந்த மாரி ஷாக் கெடைக்காம வண்டிய நகத்தமாட்டேன்" என்றார் மாமா. கோபமாகத்தான் சொன்னார்.

பாழாய்ப்போன பிடிவாதம். பாசத்தில் வந்த பிடிவாதம் என்று தெரியும், ஆனாலும் இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு ஆறவில்லை. லாரி ஷாக்கையே மாட்டியிருக்கலாம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருப்பாள்.

மெட்ராஸில் மிலிட்டரி சாமான் பிரிக்கிற இடத்தில் நீளமான ஷாக் ஒரு ஜோடி வரப்போகிறது என்று யாரோ சொல்லக் கேட்டு மாமா ரயிலேறினார். வருகிறவரை அங்கேயே காத்திருந்து வாங்கிக்கொண்டுதான் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு மறுநாள் சபைப் போதகர் வீட்டுக்கு வந்தார். அவரும் நைனாவும் வாசலில் நின்று தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். நான் கதவுக்குப் பின்னால் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"ஷாக் வெச்சா சரியாயிடும்ங்கறாங்க. தெரிஞ்ச குடும்பத்துல ஒருத்தருக்கு நல்லா ஆயிருக்கு" என்றார் போதகர்.

"அவ தம்பிக்குத் தெரிஞ்சா வுடமாட்டான், ஐயா."

"அவரு வர்றதுக்குள்ள கூட்டிகினு போய்ட்டு வந்துடுங்க. ஜெபம் பண்ணிக்கறோம்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாமா ஊர் ஊராகத் தேடுகிற ஷாக் எப்படியோ நைனாவுக்குக் கிடைத்துவிட்டது, அதை மாமாவுக்குத் தெரியாமல் வைத்து அவரை ஆச்சரியப்படுத்தப்போகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். கிறிஸ்மஸ் துணியைக்கூட எங்கள் வீட்டில் அப்படித்தான் கடைசிவரை ஒளித்துவைப்பார்கள். மறுநாள் விடியற்காலையில் நைனா அம்மாவைக் கூப்பிட்டபோது அவள் கேட்டது ஒன்றுதான்.

"செடியப் பாக்கவா போறோம்?"

நைனா குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அம்மா அதையே ஆமாம் என்று எடுத்துக்கொண்டு தலை வாரிப் பூ வைத்துக்கொண்டாள். என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள்.

அவர்கள் வருவதற்கு முன்னால் மாமா வந்துவிட்டார். தோளில் சாக்குப்பை, முகமெல்லாம் புகைக்கரி. பையைத் திறந்து பச்சை வர்ணம் பூசிய இரண்டு நீள உருளைகளைக் காட்டினார். "பாரு பாப்பா, எப்பிடி கீது! அமுத்திப் பாரு. அழுவாது, முரண்டு பண்ணாது" என்றார். நான் அதைத் தொடக்கூட இல்லை. "போ மாமா, நீ லேட்டு! அம்மாவுக்கு ஷாக் வெக்க நைனா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போயிருக்குது" என்று கைதட்டினேன். ஆஸ்பத்திரி என்று பக்கத்து வீட்டம்மா சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரியில் எதற்கு வண்டிச் சாமான் என்று நான் யோசிக்கவில்லை.

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எப்போ போனாங்க?" என்று மட்டும் கேட்டார். பிறகு எழுந்து, பையைக்கூட எடுக்காமல், பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் ஆகியிருந்தது.

உண்மையைச் சொல்லவேண்டும். அம்மா குணமாகித்தான் வந்தாள். தூங்கினாள், சாப்பிட்டாள், எனக்குப் பின்னல் போட்டுவிட்டாள். தூளியை அவளே அவிழ்த்து மடித்துப் பெட்டியில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்லி ஸ்தோத்திரம் செய்தார்கள். நைனாவைப் பார்த்து எல்லாரும் நல்ல காரியம் செய்தீர்கள் என்றார்கள். அப்போதெல்லாம் நைனா தலையைக் குனிந்துகொள்வார். தலையில் கரண்ட் வைக்கிற அந்த வைத்தியம் ஒரு சிலருக்கு நல்லது செய்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. வீட்டில் ஒன்றை மட்டும் யாரும் பேசவில்லை. செடி பிடித்ததா என்று அம்மா அதற்கப்புறம் கேட்கவே இல்லை.

மாமா நைனாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஆனால் வண்டியை நிறுத்தவில்லை. பச்சை ஷாக்கை மாட்டினார். யானைப் பாறையில் நெல் மூட்டையும் நானும் ஏறி இறங்கினோம். சொம்பில் தண்ணீர் அலையடித்ததே தவிர வெளியே வரவில்லை. நான் கூத்தாடினேன். மாமா "உம்" என்றார்.

ஷெட் லாரியில் வண்டியை ஏற்றி மலையடிவாரத்தில் இறக்கினார்கள். அம்மாவைப் பஞ்சு மெத்தையில் உட்காரவைத்து, சொம்பை நிரப்பி அவள் கையில் கொடுத்தார் மாமா. நைனாவும் நானும் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டோம். அந்த வண்டி ஓடவில்லை, மாமா சொன்ன மாதிரி ஊர்ந்தது. ஒரு சக்கரம் பாறைமேல் தொற்றும், இன்னொன்று இடுக்கில் தொபுக்கென்று இறங்கும், நடுவில் அம்மா மட்டும் ஒரே மட்டத்தில் உட்கார்ந்திருப்பாள். "நல்லா கீதுடா வண்டி. எதுக்குக் கட்டின?" என்று கேட்டாள். மாமா கியரைப் போட்டுக்கொண்டே, "சும்மாதாங்கா" என்றார். ஒரு இடத்தில்கூட அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்ளவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் புல் மண்டியிருந்தது. தம்பியின் மேட்டை மழை கரைத்திருந்தது. ஆனால் தலைமாட்டில் நந்தியாவட்டை என் உயரத்துக்கு வளர்ந்து, வெள்ளை வெளேரென்று பூத்துக்கிடந்தது. நைனா, "இங்கதான் நம்ம புள்ள" என்றார். பிள்ளை இறந்தது அம்மாவுக்குத் தெரியும், அதை அவள் மறக்கவில்லை. கையைக் கூப்பி, கண்ணை மூடி ஜெபம் செய்தாள். பிறகு கண்ணைத் திறந்து செடியைப் பார்த்தாள். ஒரு கிளையைத் தொட்டாள்.

"இத்த யாரு நட்டது? நல்லா புடிச்சிகீதே!" என்றாள்.

நைனா பாறைப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். கடைசியில் மாமாதான், "யாரோ ஒரு தாய் நட்டிருக்காங்கக்கா" என்றார்.

"பாவம், புள்ளையப் பறிகொடுத்தவங்களா இருக்கும். வந்து பாக்க முடியலயோ இன்னாவோ" என்று சொல்லி, கையிலிருந்த சொம்பை அப்படியே செடிக்கு ஊற்றினாள்.

கழுத்து வரைக்கும் இருந்த தண்ணீர், அத்தனை பாறை தாண்டியும் குறையவில்லை. அது எனக்குத்தான் தெரிந்தது, வேறு யாரும் கவனித்த மாதிரித் தெரியவில்லை. நான் ஓடிப்போய் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "பாத்தியா மாமா, ஒரு சொட்டுகூட சிந்தல! ஷாக் சூப்பரா வேல செஞ்சிடுச்சு!" என்று கத்தினேன்.

மாமா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார். அவருடைய தோள் இரண்டும் குலுங்கின. அவர் சிரிக்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன்.